மரச்செருப்பு

ஆண்டகையின் நூற்றாண்டு மேடையில்
ஏழு பேர் பேசினார்கள்.
ஐந்து பேர் அவரைப் பாலம் என்றார்கள்.
இரண்டு கரை, இரண்டு பண்பாடு, நடுவே அவர்.
நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே
ஆற்றுப்பாலத்து நெரிசலில் தினமும் நின்று வேகிற சனம்
கையைத் தட்டியது.
எட்டாவதாக என்னைக் கூப்பிட்டார்கள்,
அவரை நேரில் கண்ட ஆசிரியை என்று.
மூட்டுவலி என்று உட்கார்ந்துகொண்டேன்.

ஈவ் கெர்மெல் என்பது அவர் பெயர்.
பிள்ளைகள் வாயில் ஈவு ஆண்டகை.
வகுத்தல் கணக்கு போடும்போது வியாகுலம் கேட்பாள்:
'ஈவு இருக்காரு, மீதி எங்க டீச்சர்?'
தமிழில் கேட்பாள்.
கழுத்தில் பலகை ஏறும்.

பலகை என்று பெயர்தான்,
பிஸ்கட் பெட்டி அட்டை, சணல் கயிறு.
மதர் சொன்னார்கள். எழுதியது நான்.
ஐ ஸ்போக் டமில்.
மாட்டிக்கொண்டவள்
இன்னொருத்தி தமிழ் பேசுவதைப் பிடித்துக் கொடுத்தால்
பலகை கைமாறும்.
சாயங்கால மணி அடிக்கையில் எவள் கழுத்தில் கிடக்கிறதோ
அவள் கக்கூஸ் கழுவ வேண்டும்.
நான் ஒட்டுக்கேட்க வேண்டியதே இல்லை.
பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள்.

ஐம்பத்தெட்டு, ஆடி.
குற்றாலத்துச் சாரல் வழிதப்பிப்
பாளை வரைக்கும் வந்துவிட்ட ஒரு மத்தியானம்.
'ஏட்டி, சாரல்!' என்று கத்திவிட்டாள் வியாகுலம்.
தேரிக்காட்டுப் பிள்ளை.
ஈரம் கண்டால் தாங்காது.
சாரலுக்கு இங்கிலீஷில் என்ன என்று
அவள் கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன்.
கேட்கவில்லை. பலகையோடு நின்றாள்.
அப்போதுதான் வாசலில் வெள்ளை அங்கி,
ஊதா இடைக்கச்சை.

வாசித்தார்.
விதியை நான் இங்கிலீஷில் விளக்கினேன், கொஞ்சம் பெருமையாகவே.
சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகையில் ஏதோ வரைந்தார்.
'தோணி' என்றாள் ஒருத்தி.
செருப்பு என்றார். மரத்தில் குடைந்தது.
அவருடைய கடற்கரையில்
வீட்டுப்பேச்சைப் பள்ளிக்கூடத்தில் பேசிய பிள்ளைக்குக்
கழுத்தில் அதைக் கட்டுவார்களாம்.
ஏழு வயதில், அதை இறக்கி வைக்க,
சொந்தத் தம்பியைப் பிடித்துக் கொடுத்தாராம்.
இங்கிலீஷில் தொடங்கியவர்
தம்பிக்கு வரும்போது தமிழுக்கு மாறியிருந்தார்,
உவரி மீன்காரர்களிடம் கற்ற தமிழ்.

பிறகு வியாகுலத்திடம்,
'ஏளா, தொண்டை காயுது, தண்ணி தா' என்று
தலையைக் குனிந்தார்.
அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.
என்னைப் பார்த்தாள்.
விதி விதிதானே.
கழற்றி அவருக்குப் போட்டாள்.
பொன்சிலுவையும் பிஸ்கட் அட்டையும் இடித்துக்கொண்டன.

அப்படியே நின்று
தன் வீட்டுப்பேச்சில் கர்த்தர் கற்பித்த செபம் சொன்னார்.
'ஓன் தாத்' என்று தொடங்கியது.
ஒந் தாத்தா! பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.
அவரும் சிரித்தார். அப்பா என்று அர்த்தமாம்.
நான் வித்துவான் தேறியவள்.
தாதை என்று நாக்கில் வந்ததை விழுங்கினேன்.
பலகை அவர் கழுத்தில் இருந்தது,
மணி இன்னும் அடிக்கவில்லை.

கழற்றாமலே ஜீப்பில் ஏறினார்.
ஆறு மணிக்கு ஆயர் இல்லத்துக் கக்கூஸை
அவரே கழுவினார் என்று
குசினிக்காரர் தொம்மை சொன்னதை நான் நம்பவில்லை.
வேறு பலகை எழுதச் சொன்னார்கள் மதர்.
மை தீர்ந்துவிட்டது என்றேன்.
எவ்வளவு நாள் தீர்ந்திருக்கும் என்று
அவர்களும் கேட்கவில்லை.

கண்ணாடிப் பெட்டிகளில் எல்லாம் வைத்திருக்கிறார்கள்:
மோதிரம், செங்கோல், மூக்குக்கண்ணாடி,
உவரி மணல் ஒட்டிய இலக்கண நோட்டு.
இரண்டு சுற்று தேடினேன்.
பலகை இல்லை.
இருந்திருந்தால்,
என் எழுத்து என்று யாரிடமாவது சொல்லியிருப்பேனா,
தெரியவில்லை.
நல்ல எழுத்து.
டமிலின் முதல் எழுத்துக்கு மேல்கோடு
அடிமட்டம் வைத்து இழுத்திருந்தேன்.